லிப்ட் தூக்கவில்லையா? பம்பைக் கழற்றுமுன் அழுத்தத்தை அளந்து பாருங்கள்

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் அடிக்கடி கூறும் புகார் ஒன்று உண்டு. "காலையில் கலப்பையைத் தூக்குகிறது, மதியம் வண்டி சூடான பிறகு தூக்க மறுக்கிறது" என்பதே அது. இதைக் கேட்டதும் பட்டறையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும்." பம்ப் மாற்றப்படுகிறது. சில வண்டிகளில் குறை தீர்ந்துவிடும். பல வண்டிகளில் தீருவதில்லை. அடுத்து லிப்ட் மூடியைக் கழற்றுகிறார்கள். சிலிண்டரின் ஓ ரிங்கை மாற்றுகிறார்கள். கடைசியில் அடைத்துக் கிடந்த ஒரு வலை வடிகட்டியில் வந்து நிற்கிறது கதை. நாற்று முதிர்ந்து நிற்கும் வேளையில் வண்டி நான்கு நாள் பட்டறையில் கிடக்க, பம்பின் விலையும் கைவிட்டுப் போகிறது.

இரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் நாம் போவதில்லை. டிராக்டரின் எண்ணெய் அழுத்தத்தை மட்டும் பார்க்காமலே வைத்தியம் செய்து வருகிறோம். பிரஷர் கேஜ் எனப்படும் அழுத்தமானியை இணைத்து அளப்பதற்கு அரை மணி நேரம் போதும். எதைக் கழற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதை அதன் முள் பெரும்பாலும் சொல்லிவிடும்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். இது சரியன்று. பம்ப் செய்வதெல்லாம் எண்ணெயைத் தள்ளுவதுதான். தள்ளப்படும் எண்ணெய்க்குத் தடை ஏற்படும்போதுதான் அழுத்தம் ஏறுகிறது. கலப்பை கனமாக இருந்தால் அழுத்தம் அதிகம். வெறும் கைகளைத் தூக்கினால் மிகக் குறைவு. எண்ணெய்க்குப் போக வழியே இல்லாமல் அடைத்துவிட்டால், ரிலீப் வால்வு திறந்துகொள்ளும் அளவு வரை அழுத்தம் ஏறி அங்கேயே நிற்கும். இந்த உச்ச அளவைத்தான் நாம் அளக்கப் போகிறோம். நம் நாட்டு டிராக்டர்கள் பலவற்றில் இது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 முதல் 200 கிலோ வரை இருக்கும். மாடலுக்கு மாடல் மாறுவதால், உங்கள் வண்டிக்குரிய அளவை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிப்ட் சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பிஸ்டனின் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 150 கிலோ என்றால் பிஸ்டன் தள்ளும் விசை 7,500 கிலோ. நெம்புகோல் அமைப்பினால் கீழ்க்கைகளின் நுனியில் இதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கிறது என்று கொள்வோம். 1,500 கிலோ ஆகிறது. இதே வண்டியில் தேய்மானத்தால் அழுத்தம் 60 கிலோவுக்கு இறங்கிவிட்டால் நுனியில் கிடைப்பது 600 கிலோ. கருவியின் பாரம் கைகளின் நுனிக்கும் பின்னால் இருப்பதால் உண்மையில் தூக்கக்கூடியது இதைவிடவும் குறையும்.

இந்தக் கணக்கில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. ஒன்பது கொத்துக் கலப்பையின் எடை சுமார் 250 கிலோ. பாதிக்கும் கீழாக அழுத்தம் இறங்கிவிட்ட வண்டியும் அதைத் தூக்கிவிடும். ஆகவே "என் வண்டி கலப்பையைத் தூக்குகிறது, லிப்டில் குறை ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட முடியாது. நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள ரோட்டவேட்டரை வாங்கி மாட்டி, அதில் சேறும் அப்பிக்கொண்ட அன்றுதான் குறை வெளியே தெரியும். அப்போது ரோட்டவேட்டர் விற்றவரைக் குறை கூறுவோரும் உண்டு.

அழுத்தம் மட்டும் இருந்தால் போதாது. எண்ணெயின் அளவும் வேண்டும். அழுத்தம் தூக்கும் பலத்தைத் தருகிறது. எண்ணெயின் அளவு தூக்கும் வேகத்தைத் தருகிறது. மேலே கூறிய சிலிண்டரில் பிஸ்டன் 11 சென்டிமீட்டர் நகர வேண்டுமானால் 550 கன சென்டிமீட்டர் எண்ணெய் தேவை. பம்ப் நிமிடத்துக்கு 18 லிட்டர் தந்தால் இரண்டு விநாடிக்குள் கைகள் மேலே வந்துவிடும். பாதி எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கசிந்தால் நான்கு விநாடி ஆகும். கைக்கடிகாரம் ஒன்றே இதற்குப் போதும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒரு முறையும், இரண்டு மணி நேரம் உழுத பிறகு ஒரு முறையும், ஒரே கருவியை, ஒரே இன்ஜின் வேகத்தில் தூக்கி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சூட்டில் நேரம் வெகுவாக நீண்டால் எங்கோ உட்கசிவு இருக்கிறது என்று பொருள். சூடான எண்ணெய் நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளிகளில் எளிதாக நழுவிவிடுகிறது. காலையில் தூக்கி மதியம் மறுக்கும் வண்டியின் இரகசியம் இதுதான்.

முதலில் பார்க்க வேண்டியவை

அழுத்தமானியைத் தேடுவதற்கு முன் செலவில்லாத சில சோதனைகளைச் செய்துவிட வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கி, எண்ணெய் மட்டத்தை அளவு கோலில் பாருங்கள். கோலில் வரும் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பல டிராக்டர்களில் கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். கேஜ் வீல் மாட்டி ஆழச் சேற்றில் தொளி உழவு செய்யும்போது பின் அச்சின் சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். காவிரிப் பாசனப் பகுதியில் நடவுப் பருவம் முடிந்ததும் லிப்ட் தகராறு அதிகமாவதற்கு இது ஒரு முக்கிய காரணம். அத்தகைய எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, சீலையும் மாற்றி, கையேட்டில் கூறிய எண்ணெயையே ஊற்ற வேண்டும். குறைந்த அளவுக்கு வீட்டில் இருக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றிச் சரிக்கட்டுவது தவறான வழக்கம்.

உறிஞ்சு குழாயின் வலை வடிகட்டியைக் கழுவுங்கள். வடிகட்டியில் வெண்கல நிறத் துகளோ, இரும்புப் பொடியோ கிடைத்தால் அதைத் துணியில் துடைத்து எறிந்துவிடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிறகு லீவர்கள். உழவின் இழுவைக்கு ஏற்பக் கருவியை ஏற்றி இறக்கும் டிராப்ட் லீவரும், உயரத்தை நிலைநிறுத்தும் பொசிஷன் லீவரும் வெவ்வேறு. ஒன்றை உரிய இடத்தில் வைக்காமல் மற்றொன்றை இழுத்துப் பயனில்லை.

இன்னொன்று. அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் மூன்று முனை இணைப்பையும் ஹைட்ராலிக் லிப்டையும் ஒன்றாக்கி 1936ல் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் வழியில் வந்த மாஸே பெர்குசன் 35 போன்ற வண்டிகளில் பம்ப் எண்ணெய்க்குள்ளேயே மூழ்கியிருக்கும்; பி.டி.ஓ. தண்டுதான் அதைச் சுற்றும். பி.டி.ஓ. லீவரைச் சேர்க்காவிட்டால் பம்ப் சுற்றாது; லிப்டும் எழாது. வேறு வகை வண்டி ஓட்டிப் பழகியவர் இதில் ஏறினால் திகைத்துப்போவது இயல்பு.

கருவியும் எச்சரிக்கையும்

அழுத்தமானி 0 முதல் 250 கிலோ வரையோ 400 கிலோ வரையோ காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். எதிர்பார்க்கும் அளவு முகப்பின் நடுப் பகுதியில் வரும்படி தேர்ந்தெடுப்பது நல்லது. உள்ளே கிளிசரின் நிரப்பியதாக இருந்தால் முள் அதிராமல் நிற்கும். பவர் ஸ்பிரேயரில் இருக்கும் கேஜைக் கழற்றி மாட்டலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. இந்த அழுத்தத்தை அது தாங்காது. வெடித்து முகத்தில் அடிக்கும். இணைக்கும் குழாயும் நெளிவுகளும் உயர் அழுத்த ஹைட்ராலிக் வகையாகவே இருக்க வேண்டும்.

முகப்பில் பார் என்றோ, பி.எஸ்.ஐ. என்றோ அச்சிட்டிருந்தால் குழம்ப வேண்டாம். 1 கிலோ என்பது 14.2 பி.எஸ்.ஐ.; பாருக்கும் கிலோவுக்கும் நூற்றுக்கு இரண்டு அளவே வேறுபாடு. எனவே 150 கிலோ என்பது சுமார் 147 பார் அல்லது 2,130 பி.எஸ்.ஐ. ஆகும். இதற்குள் இருக்கும் வளைந்த குழாய் அழுத்தத்தால் நிமிர முயல்வதே முள்ளை நகர்த்துகிறது. பிரான்ஸ் நாட்டு பூர்தோன் 1849ல் கண்ட இந்த எளிய அமைப்பு இன்றும் மாறவில்லை. ஆனால் கீழே போட்டு அடிபட்ட கேஜ் பொய் சொல்லும். இணைக்கும் முன்பே முள் பூஜ்யத்தில் இல்லையென்றால் அதை நம்ப வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. எந்தத் திருகையும் தளர்த்துமுன் கருவியைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, ஹைட்ராலிக் லீவர்களை முன்னும் பின்னும் அசைத்து, அடைபட்டிருக்கும் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். தூக்கிய கருவியின் கீழே எக்காரணத்தைக் கொண்டும் தலையையோ கையையோ நீட்டக் கூடாது.

இதைவிட மறைவான ஆபத்து ஊசித்துளைக் கசிவு. குழாயில் கண்ணுக்குத் தெரியாத துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தமே போதும்; நம் வண்டியில் இருப்பதோ 150. கசிவைத் தேடி விரலால் தடவிப் பார்ப்பது நம் பட்டறைகளில் சாதாரணமாகக் காணும் காட்சி. ஒரு அட்டைத் துண்டைக் குழாய் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். எண்ணெய்க் கறை படியும் இடத்தில் துளை இருக்கிறது. தப்பித் தவறி விரலில் பாய்ந்துவிட்டால் முதலில் முள் குத்தியது போலத்தான் இருக்கும். வலியும் பெரிதாக இராது. மஞ்சள் பூசிவிட்டு வேலையைத் தொடர்ந்தால் சில மணி நேரத்தில் விரல் வீங்கிக் கறுத்து, வெட்டி எடுக்கும் நிலைமை வரலாம். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "அழுத்த எண்ணெய் உள்ளே பாய்ந்துவிட்டது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அளக்கும் முறை

டிப்பர் டிரெய்லருக்கு எண்ணெய் கொடுக்கும் வெளி இணைப்பு உள்ள வண்டிகளில் வேலை எளிது. அந்த இணைப்பில் டிரெய்லர் குழாய்க்குப் பதிலாக அழுத்தமானியை மாட்டிவிடலாம். சில வண்டிகளில் எண்ணெயை லிப்டுக்கோ வெளி இணைப்புக்கோ திருப்பிவிட ஒரு குமிழ் இருக்கும். அதை வெளி இணைப்புப் பக்கம் வைத்தால் பம்பையும் ரிலீப் வால்வையும் மட்டும் தனியே சோதிக்க முடிகிறது. வெளி இணைப்புக்கென்று தனியாக ஒரு ரிலீப் வால்வு வைத்த வண்டிகளும் உண்டு. அங்கே முள் காட்டுவது அந்த வால்வின் அளவைத்தான். லிப்டின் அளவை அல்ல. கையேட்டைப் பார்த்துத் தெளிந்துகொள்க. வெளி இணைப்பே இல்லாவிட்டால் லிப்ட் மூடியில் சோதனைக்கென்று ஒரு அடைப்புத் திருகு இருக்கும். அங்கே அளப்பதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

வண்டியை அரை மணி நேரமாவது வேலை செய்யவிட்டு எண்ணெயைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். 50, 60 டிகிரி இருக்க வேண்டும். குளிர்ந்த எண்ணெயில் எடுத்த அளவு தேய்ந்த பம்பையும் நல்ல பம்பு என்று காட்டிவிடும். இன்ஜினைக் கையேட்டில் கூறிய வேகத்தில் ஓட்டி, லீவரை இழுத்துப் பிடியுங்கள். முள் ஏறி ஓரிடத்தில் நிற்கும். ஐந்து விநாடிக்குள் படித்துக்கொண்டு லீவரை விட்டுவிட வேண்டும். பிறகு இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு மறுபடியும் ஒரு முறை படியுங்கள். இந்த இரண்டாவது அளவை யாரும் எடுப்பதில்லை. நோயைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

ஏன் ஐந்து விநாடி? ரிலீப் வால்வு வழியே எண்ணெய் ஓடும்போது பம்பின் சக்தி முழுவதும் வெப்பமாகிறது. கிலோ அழுத்தத்தை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதால் பெருக்கி 450ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். 150 கிலோ, 18 லிட்டர் என்றால் 6 குதிரைத்திறன். இவ்வளவும் 30 லிட்டர் எண்ணெயில் இறங்கினால் ஒரு நிமிடத்தில் சுமார் 5 டிகிரி சூடேறும். வால்வின் இருக்கையும் பம்பும் அதற்குள் படும் பாடு தனி.

கலப்பையை மேலே தூக்கி நிறுத்திவிட்டு முள்ளைப் பார்த்து "அழுத்தமே இல்லை" என்று முடிவு கட்டுவோரும் உண்டு. கைகள் உரிய உயரத்தை எட்டியதும் கன்ட்ரோல் வால்வு எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும். அப்போது பம்ப் பக்கம் அழுத்தம் இறங்குவதுதான் முறை.

முள் சொல்லும் செய்தி

வேகமாக ஓடும்போதும் மெதுவாக ஓடும்போதும் முள் ஒரே இடத்தில், ஆனால் கையேட்டு அளவுக்குக் குறைவாக நின்றால் ரிலீப் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், இருக்கையில் தூசி சிக்கியிருக்கலாம். பம்பின் மேல் குறை இல்லை.

வேகத்தில் ஓரளவு ஏறி, மெதுவாக ஓடும்போது வெகுவாக இறங்கினால் உட்கசிவு. பம்ப் தேய்ந்திருக்கலாம்; சிலிண்டரின் சீலாகவும் இருக்கலாம். திருப்பும் குமிழ் உள்ள வண்டியில் லிப்டைத் துண்டித்து ஒரு முறையும், சேர்த்து ஒரு முறையும் அளந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். துண்டித்தபோது சரியான அளவும், சேர்த்தபோது குறைவும் காட்டினால் பம்பை விட்டுவிட்டு சிலிண்டர் பக்கம் போங்கள். துண்டித்த நிலையிலும் குறைவாகவே காட்டினால், உறிஞ்சு குழாயும் வடிகட்டியும் சுத்தமாக இருக்கும் பட்சத்தில், பம்புக்குச் செலவு செய்யலாம்.

முள் நில்லாமல் துடித்து, பம்பும் ஊளையிட்டால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது. எண்ணெயில் நுரை தெரிந்தால் காற்று என்பது உறுதி. முள் கையேட்டு அளவைச் சரியாகக் காட்டியும் கருவி எழவில்லையென்றால் லீவர் அமைப்பு, வளைந்த இணைப்புக் கைகள், அல்லது வண்டியின் சக்திக்கு மீறிய கருவி ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

தூக்கிய கருவி தானாக இறங்குவது வேறு வகைக் குறை. கருவியைத் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, தரையிலிருந்து உயரத்தை அளந்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். இன்ஜின் நின்றபின் பம்புக்கு அங்கே வேலையே இல்லை. எனவே கருவி விரைவாக இறங்கினால் சிலிண்டர் சீல், தடுப்பு வால்வு, கன்ட்ரோல் வால்வு இவற்றில் ஒன்றுதான் காரணம். இன்ஜின் ஓடும்போது கருவி தலையாட்டுவது போல இறங்கி ஏறிக்கொண்டிருப்பதும் இதே நோய்தான். இதற்காகப் பம்பை மாற்றியவர்கள் பலர்.

வாஷர் வைத்தியம்

அழுத்தம் குறைந்துவிட்டது என்றதும் ரிலீப் வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷரை வைத்து இறுக்கிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அன்றைக்கு லிப்ட் தூக்கும். விவசாயியும் மகிழ்ந்து போவார். ஆனால் கேஜ் இல்லாமல் வாஷர் வைத்தவருக்கு அழுத்தம் 160க்கு வந்ததா, 250க்கு வந்ததா என்று தெரியாது. ரிலீப் வால்வு என்பது மற்ற பாகங்களைக் காக்க வைத்த காவல்காரன். அதை முடக்கினால் குழாய் வெடிக்கும். லிப்ட் மூடியில் விரிசல் விழும். பம்பின் தண்டு முறியும். வண்டியின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும் அளவுக்குக் கனமான கருவியைத் தூக்கத் துணிவதும் இதனால்தான். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கம்பெனி ஸ்பிரிங்கையே போட்டு, அழுத்தமானியை வைத்துக்கொண்டே கையேட்டு அளவுக்குச் சரி செய்ய வேண்டும்.

கையேடு தொலைந்துபோன வண்டிக்கு என்ன செய்வது? மத்தியப் பிரதேசத்தில் உள்ள புத்னி மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் டிராக்டர் மாடல்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. ரிலீப் வால்வின் அழுத்தம், பம்ப் தரும் எண்ணெய் அளவு, கீழ்க்கைகளின் நுனியிலும் அதற்கு 610 மில்லிமீட்டர் பின்னாலும் தூக்கும் திறன் ஆகியவை அதில் இருக்கும். விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விளம்பரத்தில் காணும் தூக்குதிறன் எந்த இடத்தில் அளந்தது என்பதையும் அப்போது தெரிந்துகொள்ளலாம். நுனியில் அளந்ததைவிட 610 மில்லிமீட்டருக்குப் பின்னால் கிடைப்பது எப்போதும் குறைவே.

தரமான அழுத்தமானி, குழாய், நெளிவுகள் எல்லாம் சேர்ந்து ஒரு புதிய பம்பின் விலையில் சிறு பங்குதான் ஆகும். ஊரில் நான்கைந்து டிராக்டர்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும். இன்ஜின் சத்தத்தையும் டயரையும் பார்த்து விலை பேசுகிறோம். விற்பவர் வெறும் கலப்பையைத் தூக்கிக் காட்டினால் திருப்தி அடைந்துவிடுகிறோம். முன்பணம் கொடுக்குமுன் வண்டியை அரை மணி நேரம் ஓடவிட்டு, வேகத்தில் ஒன்றும் மெதுவில் ஒன்றுமாக இரண்டு அளவுகளை எடுத்துக் குறித்துக்கொண்டு பிறகு விலையைப் பேசுங்கள்.